சொந்தக்காரன் இல்லாத கோடு

அண்ணன் வரைந்த வீட்டுக்கு இடப்பக்கச் சுவர் இல்லை.

மற்றபடி நல்ல வீடு. கூடத்துக்கு இரண்டு ஜன்னல். சமையலறையில் மேடை, அதற்கு மேலே அலமாரி. மாடிக்குப் பதினேழு படி, ஒவ்வொன்றும் அளவு பிசகாமல். வலப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். பிறகு ஓரிடத்தில் வீடு நின்றுவிடும். படுக்கையறைக்குள் நுழைந்து, கட்டிலைத் தாண்டி ஓர் எட்டு வைத்தால் வெள்ளைத் தாள்.

"எப்படி இருக்கு?" என்றான் அண்ணன்.

தங்கை அச்செடுத்த தாளைக் கையில் வாங்கினாள். அண்ணி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"காத்தோட்டமான வீடு," என்றாள் அண்ணி. "திருடன் வந்தா கதவத் தட்டக்கூட வேண்டாம். நேரா கட்டில்ல வந்து உக்காந்துக்கலாம்."

அண்ணன் சிரித்தான். எங்கே சுவர் இல்லை என்பது அவனுக்குத் தெரியவில்லை. சிரிக்க வேண்டிய இடம் என்பது மட்டும் தெரிந்தது.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவன் தலையின் வலப்பாதியை மட்டும் சீவிக்கொண்டு டீ குடிக்க வந்தான். அண்ணி முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். டம்ளரை அவனுக்கு இடப்பக்கம் வைத்தாள். "டீ எங்கே?" என்றான். டம்ளரை எடுத்து வலப்பக்கம் வைத்தாள். "எப்பப் போட்டே?" என்றான். அதற்குமேல் அவள் எதையும் விளையாட்டாக நினைக்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் கண்ணைப் பரிசோதித்துவிட்டு, கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். கண் அனுப்புவதை வாங்கி வைக்கும் இடம் மூளையில் இருக்கிறது. அங்கே ரத்தம் அடைத்து ஒரு துண்டு செத்துப்போயிருந்தது. பேச்சு தப்பியது. கை, கால் தப்பின. இடப்பக்கம் போய்விட்டது.

"இருட்டா இருக்குமாண்ணா?" என்று தங்கை கேட்டாள். அவன் வீடு திரும்பிய வாரம் அது.

"இருட்டா இருந்தா இருட்டுன்னு தெரியுமே. இப்ப உன் முதுகுக்குப் பின்னால என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல."

"கறுப்பா தெரியுதா?"

"இல்ல. தெரியவே இல்ல."

"அவ்வளவுதான். எனக்கு முதுகு கொஞ்சம் முன்னால வந்துடுச்சு."

கல்யாணமான நாளிலிருந்து அண்ணி அவனுக்கு இடப்பக்கம்தான் நடப்பாள். சோபாவிலும் இடப்பக்கம்தான் உட்காருவாள். இப்போது வலப்பக்கம் மாறிக்கொண்டாள். பழக்கம் இல்லாத பக்கம். நடக்கும்போது இருவரும் அடிக்கடி தோளில் இடித்துக்கொண்டார்கள்.

"கனவுல எல்லாம் இருக்கு," என்றான் அண்ணன் ஒரு நாள். "இடப்பக்கம் தெரு நீளமாப் போவுது. மரம் நிக்குது. நீயும் அந்தப் பக்கம்தான் வர்றே. முழிச்சதும் யாரோ மடிச்சு வச்சிடுறாங்க."

அண்ணி எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவப் பாத்திரம் எதுவும் இல்லை.

அவனுக்குத் தொழில் கட்டட வரைபடம் வரைவது. இருபத்திரண்டு வருஷமாக ஒரே அலுவலகம், ஜன்னலோரம் ஒரே மேசை. அங்கே அவனுக்கு ரசமட்டம் என்று பேர். சுவரில் காலண்டர் மாட்டினால்கூட அவனைக் கூப்பிட்டு, கோணலா என்று கேட்பார்கள். தங்கையும் கணினியோடு மல்லுக்கட்டுகிறவள்தான். ஆஸ்பத்திரிகளில் அடுத்து எந்த நோயாளி என்று எண் காட்டும் பலகைகளுக்கு அவள் புரோகிராம் எழுதினாள். வயது முப்பத்தாறு. அண்ணனுக்கு இன்னும் அவள் பொடிசு.

விடுப்பு முடிகிற நாளில் தங்கைதான் அவனை அலுவலகத்துக்கு அழைத்துப்போனாள். அலுவலகத்தை நடத்துகிறவர் ஒரு பெண் என்ஜினீயர். அண்ணனைவிட வயதில் இளையவர். வார்த்தையை அளந்து பேசுவார்.

"உக்காருங்க சார். இங்க எல்லாருக்கும் உங்கமேல மரியாதை இருக்கு. அதனால நேராவே சொல்லிடறேன். சுவர் விட்டுப் போச்சுன்னா கட்டும்போது கொத்தனாரே கேப்பார். தூண் விட்டுப் போச்சுன்னாகூட யாராவது கேப்பாங்க. தூணுக்குள்ள ஒரு கம்பி விட்டுப் போச்சுன்னா யாரும் கேக்க மாட்டாங்க. பத்து வருஷம் கழிச்சுக் கட்டடம் கேக்கும்."

"புரியுது மேடம்."

"பதினஞ்சு நாள் எடுத்துக்குங்க. பதினஞ்சாம் நாள் இங்க, இந்த மெஷின்ல, ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் படம் போட்டுக் காட்டுங்க. நான் தூணை எண்ணுவேன். எல்லாம் இருந்துச்சுன்னா உங்க மேசை உங்களுக்கு."

"இல்லேன்னா?"

"பழைய படங்களை வச்சிருக்கிற அறை இருக்கு. அதைப் பாத்துக்க ஆள் வேணும். சம்பளம் குறையாது."

அந்த அறையைத் தங்கைக்குத் தெரியும். ஜன்னல் இல்லாத அறை. இரும்பு அலமாரிகளில் வரைபடங்களைச் சுருட்டி அடுக்கியிருப்பார்கள். வீடு திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றும்போது அண்ணன் சொன்னான்.

"அங்க படமெல்லாம் படுத்துக்கெடக்கும் பொடிசு. என்னையும் சுருட்டி வைக்கப் பாக்கறாங்க."

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண் ஒரு வழி சொல்லியிருந்தாள். படிக்கும் தாளின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்ட வேண்டும். நாடாவைப் பார்க்கும் வரைக்கும் கண்ணை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். நாடா தெரிந்தால்தான் தாள் முடிந்தது என்று அர்த்தம். தாளில் இது பலித்தது. இடக்கையால் ஓரத்தைத் தடவிக் கண்டுபிடித்து, கையைத் தொடர்ந்து கண்ணைக் கொண்டுபோவான். திரையில் தடவுவதற்கு ஓரம் இல்லை. மானிட்டர் சட்டத்தில் நாடா ஒட்டிப் பார்த்தார்கள். வேலை தொடங்கி ஐந்து நிமிஷத்தில் அதை மறந்துபோனான். அந்த நாடா மானிட்டரில் இருந்தது, அவன் படத்துக்குள் இருந்தான்.

"படத்துக்குள்ளயே ஒரு சிவப்புக் கோடு வேணும்," என்றாள் தங்கை. "நீ எந்தப் படத்தைத் திறந்தாலும் இடது ஓரத்துல அது நிக்கணும்."

"இந்த மென்பொருள் அதெல்லாம் செய்யாதே."

செய்யாதுதான். அதை உருவாக்கியவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது. அலுவலகத்தின் இருபது வருஷத்துப் படங்களும் அதில்தான் திறக்கும் என்பதால், அதற்காகவே சில பழைய கணினிகளைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அதில் ஒன்று கழிக்கப்பட்டு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தது. மென்பொருளுக்குள் கைவைக்க வழியில்லை. வெளியிலிருந்துதான் கோடு வரைய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை அந்தக் கணினிமுன் உட்கார்ந்தாள். வெளியே மழை வருகிற மாதிரி வெளிச்சம்.

திரையில் தெரிகிற ஒவ்வொரு விண்டோவுக்கும் ஒரு சொந்தக்காரன் உண்டு. அதைத் திறந்த புரோகிராம்தான் அது. ஒரு விண்டோவின்மேல் இன்னொன்று ஊர்ந்து போனால், போன பிறகு கணினி கீழே இருந்ததைத் தட்டி எழுப்பும். உன் இடம் அழிந்தது, மறுபடி வரைந்துகொள் என்று சொல்லும். அது வரைந்துகொள்ளும். பார்க்கிறவர்களுக்கு எதுவும் அழிந்ததாகவே தெரியாது. நாளெல்லாம் இது நடந்துகொண்டிருக்கும்.

நேராகத் திரையிலேயே வரையவும் முடியும். எந்த விண்டோவில் வரையப்போகிறாய் என்று கணினி கேட்கிற இடத்தில் சுழியம் என்று சொன்னால் போதும். முழுத் திரையையும் தூக்கிக் கையில் கொடுத்துவிடும். வேலை தெரிந்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். அங்கே வரைந்த கோட்டுக்குச் சொந்தக்காரன் கிடையாது. அழிந்தால் தட்டி எழுப்ப ஆள் இல்லை.

அவள் சுழியம் என்று எழுதினாள்.

சிவப்புக் கோடு விழுந்தது. மேலிருந்து கீழே, பின்னணியில் இருந்த ஏரியின் குறுக்கே, குப்பைத்தொட்டிப் படத்தின்மேலாக, அடிப்பட்டையையும் கடந்து. எதையும் லட்சியம் பண்ணாத கோடு. அவள் ஒரு விண்டோவைப் பிடித்து அதன்மேல் இழுத்தாள். விண்டோ போன வழியெல்லாம் கோடு இல்லை. ஏரி அப்படியே இருந்தது. அவளுக்கு அது பிடித்துப்போனது. வட்டம் வரைந்தாள், அதன்மேல் விண்டோவை நடத்தினாள், பிறை மிச்சமானது. இன்னொரு தடவை நடத்தினாள், நகம் அளவுக்கு ஒரு வளைவு.

அண்ணி துணி மடித்துக்கொண்டே பார்த்தாள். "துடைச்சாப் போயிடுமா?"

"துடைக்கவே வேணாம் அண்ணி. பக்கத்துல யாராவது நடந்து போனாலே போயிடும்."

"என் மாமியார் வீட்டுல எனக்கிருந்த மரியாதை மாதிரி."

"அது என் அம்மா வீடு, ஞாபகம் இருக்கா?"

"அதான் உன்கிட்ட சொல்றேன்."

அழிந்தால் வரைய ஆள் இல்லை என்றால், ஆளை வைத்துவிட வேண்டியதுதான். அழிந்ததோ இல்லையோ, வினாடிக்கு இருபது தடவை அதே இடத்தில் அதே கோட்டைப் போட்டுக்கொண்டே இரு என்று புரோகிராமில் எழுதினாள். மொத்தம் நாற்பது வரிதான். வரைபட மென்பொருளைத் திறந்தாள். அது பழைய காலத்துச் சரக்கு. மவுஸ் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் படம் முழுவதையும் அழித்து வரைந்துகொள்ளும். அது அழிக்கும், இவள் கோடு திரும்ப வரும். அது அழிக்கும், வரும். இடது ஓரத்தில் கோடு தார்ரோட்டின்மேல் வெயில் நடுங்குகிற மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்குக் கூச்சமாக இருந்தது. "அண்ணா, வந்து பாரு. இன்னும் சரியா வரல. சும்மா பாரு."

அண்ணன் உட்கார்ந்தான். மவுஸை எடுத்தான். முன்பு வரைந்த வீட்டைத் திறந்து இரண்டு சுவர் போட்டான். நிறுத்தினான்.

"யாரு அங்க?"

"எங்கே?"

"அந்தப் பக்கம். யாரோ கையை ஆட்டுற மாதிரி இருக்கு."

"யாரும் இல்ல. கோடுதான்."

அவன் முகத்தை இடப்பக்கம் திருப்பினான். கண்ணைக் கொண்டுபோனான். கோட்டைக் கண்டுபிடித்தான். அங்கிருந்து திரும்பி வரும் வழியில், தான் போட்டிருந்த கட்டில், அதற்குப் பின்னால் இருந்த வெறுமை எல்லாவற்றையும் பார்த்தான்.

"அடப்பாவி," என்றான். "இங்க சுவரே இல்ல."

சுவரை வரைந்தான். ஜன்னல் வைத்தான். அந்த வாரம் நாலு வீடு வரைந்தான். நாலுக்கும் நாலு பக்கமும் சுவர் இருந்தது. ஒவ்வொரு நாளும் அண்ணி அச்செடுத்து வாங்கிப்போய், சுவர்களை விரலால் தொட்டு எண்ணிவிட்டு, "இனிமே திருடன் கதவைத்தான் தட்டணும்" என்பாள்.

இதோடு விட்டிருக்கலாம். தங்கையால் முடியவில்லை.

அந்த நடுக்கம் அவள் மானத்தை வாங்கியது. புரோகிராம் எழுதுகிறவளுக்கு நடுங்குகிற கோடு என்பது பிதுங்கிய தையல் மாதிரி. ஆஸ்பத்திரிப் பலகையில் ஓர் எண் ஒரு தடவை மினுங்கினாலும் நாலு பேர் அவளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அந்த என்ஜினீயர் முன்னால் இப்படியொன்றை ஓடவிட்டால், அண்ணனைப் பற்றி என்ன நினைப்பார்? அண்ணி வேறு, "ரெண்டு நிமிஷம் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்றாள்.

ஐந்து நாள் உட்கார்ந்து முறையாக எழுதினாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு விண்டோ. எல்லாவற்றுக்கும் மேலே படுத்திருக்கும். மவுஸ் அதைத் துளைத்துக்கொண்டு கீழே போகும். அதன் ஓரத்தில் மட்டும் சிவப்புக் கோடு. இந்தக் கோட்டுக்குச் சொந்தக்காரன் உண்டு. என்ன அழிந்தாலும் இது அழியாது. பன்னிரண்டாம் நாள் மாலை ஓடவிட்டுப் பார்த்தாள். சுண்ணாம்புச் சுவரில் தூரிகையால் இழுத்த மாதிரி அசையாமல் நின்றது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இப்ப வரை அண்ணா. பள்ளிக்கூடம் மாதிரி ஒண்ணு போடு. நான் டீ போட்டுட்டு வரேன்."

டீயோடு திரும்பியபோது அவன் முடித்திருந்தான். திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நாலு வகுப்பறை போட வேண்டிய இடத்தில் இரண்டரை இருந்தது. மூன்றாவது அறை பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. அதற்கப்பால் வெள்ளை. வெள்ளையின் ஓரத்தில் கச்சிதமான சிவப்புக் கோடு.

"கோட்டைப் பாத்தியா அண்ணா?"

"எந்தக் கோடு? இன்னிக்கு நீ போடலையே."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"போட்டிருக்கேனே."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். மெல்லத் தலையைத் திருப்பி, கழுத்து வலிக்கிற அளவுக்குத் திருப்பி, கடைசியில் அதைக் கண்டுபிடித்தான். கண்ணால் தேடிப்போய் அதில் முட்டிக்கொண்ட மாதிரி.

"ஓ," என்றான்.

நோய் முற்றுகிறது என்று மூன்று பேரும் நினைத்தார்கள். அண்ணன் எழுந்து போய்ச் சட்டை இஸ்திரி போட ஆரம்பித்தான். வலக்கைப் பக்கம் மட்டும் மொடமொடவென்று வந்தது.

மறுநாள் மத்தியானம் சோபாவில் அண்ணன் அரைத்தூக்கத்தில் இருந்தான். வலப்பக்கம் அண்ணி. தங்கை தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். மின்விசிறி ஓடவில்லை. யாரும் எழுந்து போடவில்லை. மூன்று பேரும் தெருவில் போகிற வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கு இடப்பக்கத்து ஜன்னலில் வெளிர்நீலத் திரைச்சீலை.

"காத்து வருது," என்றான் அண்ணன் கண்ணைத் திறந்து. "அந்த ஜன்னலை நல்லாத் திற."

"எந்த ஜன்னல்?" என்றாள் தங்கை.

"திரைச்சீலை ஆடுதே."

அவன் முகம் நேராகத்தான் இருந்தது. எதிரே இருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை அசையாமல் இருந்தாள். காற்று நின்றது. திரைச்சீலை தொங்கியது.

"அண்ணா, இப்ப?"

"என்ன இப்ப?"

"திரைச்சீலை தெரியுதா? திரும்பாம சொல்லு."

அவன் யோசித்தான். "இல்ல. போயிடுச்சு."

தங்கை மண்டியிட்டு எழுந்தாள். "அண்ணி, நீங்க இந்தப் பக்கம் வாங்க. இடப்பக்கம். சத்தம் போடாம."

அண்ணி சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். எதற்கு என்று புரியவில்லை. அண்ணன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை கையை ஆட்டும்படி ஜாடை காட்டினாள். அண்ணி பேருந்தை நிறுத்துகிற மாதிரி ஆட்டினாள்.

"யாரு?" என்றான். "நீயா?"

கையை நிறுத்தினாள்.

"எங்கே போனே?"

ஆட்டினாள்.

"வந்துட்டே."

அண்ணி கையை நிறுத்தவில்லை. ஆட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. துடைக்கக் கை ஒழியவில்லை. இன்னொரு கை இருப்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"எவ்வளவு நேரம் ஆட்டுவே? கை வலிக்கப்போவுது," என்றான் அண்ணன்.

"வலிக்கட்டும். நாலு மாசமா அந்தப் பக்கம் உக்காந்து எனக்கு இடுப்பு வலி."

தங்கை அதற்குள் கணினியைப் போட்டுவிட்டாள். ஐந்து நாள் உழைத்து எழுதியதை நிறுத்தினாள். பழைய நாற்பது வரியைத் தேடினாள். நல்லவேளையாக அழித்திருக்கவில்லை. அசைவு நின்றால் அவனுக்குப் பொருளும் மறைந்துவிடுகிறது. அவள் முறையாக எழுதி, முழு மூச்சாக உழைத்து, அவனுக்குத் தெரிந்த ஒரே கோட்டைச் சாகடித்திருந்தாள்.

பதினைந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அண்ணன் தன் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தான். என்ஜினீயர் கையால் கிறுக்கிய பள்ளிக்கூடத்தைக் கொடுத்தார். நாலு வகுப்பறை, ஒரு நடை, ஒரு கழிப்பறை வரிசை. தங்கை புரோகிராமை ஓடவிட்டாள். அண்ணன் மவுஸை நகர்த்தியதும் இடது ஓரம் நடுங்கத் தொடங்கியது.

"மானிட்டர் போச்சா?" என்றார் என்ஜினீயர். "வேற ஒண்ணு மாட்டச் சொல்லவா?"

"இல்ல மேடம்," என்றாள் தங்கை. முகம் சூடேறியது. "அது அப்படித்தான் இருக்கணும்."

"இப்படியா?"

"இப்படித்தான். நின்னுடுச்சுன்னா அவருக்குத் தெரியாது."

என்ஜினீயர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டார். "சரி," என்றுவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

அண்ணன் வரைந்தான். தங்கை பின்னால் ஒரு ஸ்டூலில் இருந்தாள். வெளிச்சம் மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்தது. ஒரு சுவர் முடிந்ததும் அவன் கை நிற்கும். கை நின்றால் கோடும் நிற்கும். அவனுக்குக் கோடு காணாமல் போகும். உடனே மவுஸை லேசாக ஆட்டுவான், உறங்குகிறவர் தோளைத் தொட்டு எழுப்புவது போல. கோடு கையசைக்கும். முகத்தை அங்கே கொண்டுபோவான். அங்கிருந்து திரும்பி வந்து அடுத்த தூணைப் போடுவான். மத்தியானத்துக்குமேல் தங்கைக்குக் கண் சொக்கியது. அந்தப் பள்ளிக்கூடத்தின் நடையில் தான் நடப்பது போலவும், ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்ப்பது போலவும் இருந்தது. எல்லா அறைக்கும் சுவர் இருந்தது. கடைசி அறையில் ஜன்னலுக்கு வெளியே யாரோ சிவப்புத் துணி காயப்போட்டிருந்தார்கள்.

நாலு மணிக்கு என்ஜினீயர் அச்செடுத்த தாளை மேசையில் விரித்தார். பென்சில் முனையால் தூண்களை எண்ணினார். வலப்பக்கம் ஆறு. நடுவில் பன்னிரண்டு. பென்சில் இடப்பக்கத்துக்குப் போனபோது மெதுவானது.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்து.

நின்றது.

"ஆறாவது?"

அண்ணன் தாளைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தான். "அது வேணாம்னு விட்டேன் மேடம்."

"விட்டீங்களா, விட்டுப் போச்சா?"

"விட்டேன். அந்த மூலையில நீங்க கழிப்பறைத் தொட்டியைப் போட்டிருக்கீங்க. தூணோட அடி தொட்டிக்குள்ள இறங்கும். மூணடி உள்ளே தள்ளிப் போட்டிருக்கேன், பாருங்க. நடு வரிசையோட ஒட்டினாப்பல. கீழே குறிப்பும் எழுதியிருக்கேன்."

என்ஜினீயர் பென்சிலை மூன்றடி உள்ளே நகர்த்தினார். தூண் இருந்தது. நடு வரிசைக்கு இட்ட எண்ணிக்கையில் அது சேர்ந்துபோயிருந்தது. கீழே, இடது கோடியில், பொடி எழுத்தில் அண்ணனின் குறிப்பும் இருந்தது. அவர் தன் கிறுக்கலை எடுத்து வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என் தப்பு," என்றார்.

"அதுக்குத்தானே எங்களை வச்சிருக்கீங்க," என்றான் அண்ணன்.

என்ஜினீயர் சிரிக்கவில்லை. ஆனால் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். தங்கை அதுவரை அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"மேசை உங்களுக்குத்தான் சார். ஒரு நிபந்தனை. நீங்க போடுற ஒவ்வொரு படத்துக்கும் இடப்பக்கத்தை இன்னொருத்தர் எண்ணுவாங்க. அதுல வருத்தப்படக் கூடாது."

"எண்ணட்டும். இத்தனை நாள் எல்லாரோட படத்தையும் நான் எண்ணினேன்."

"அப்புறம் அந்த நடுக்கம். அதைப் பக்கத்து மேசைக்காரர் பார்த்தா வாந்தி எடுத்துடுவார். உங்களுக்கு மறைப்பு ஒண்ணு வைக்கச் சொல்றேன்."

அவர் போன பிறகு அண்ணன் வரைபட மென்பொருளை மூடினான். திரையில் ஒன்றும் மிச்சமில்லை, அலுவலகத்தின் சாம்பல்நிறப் பின்னணி மட்டும். அதன்மேல் கோடு விழுந்தது. அதை அழிக்க இப்போது யாரும் இல்லாததால் நடுங்காமல் நின்றது. தங்கை புரோகிராமையும் நிறுத்தினாள். வரைந்தவன் போன பிறகும் கோடு அப்படியே இருந்தது. அதைப் போ என்று சொல்லக்கூட இப்போது ஆள் கிடையாது.

"போயிடுச்சா?" என்றான் அண்ணன்.

"இல்ல. இருக்கு."

"எனக்குத் தெரியல."

"நிக்குதுல்ல, அதான்."

அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தனக்குத் தெரியாத பக்கத்தை, அங்கே ஒன்று இருக்கிறது என்று தெரிந்தவனாக. பிறகு வலப்பக்கம் திறந்திருந்த ஒரு சின்ன விண்டோவைப் பிடித்தான். இடப்பக்கமாக மெல்ல இழுத்துக்கொண்டு போனான்.

"எங்கே அண்ணா?"

"வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வரேன்."

விண்டோ கோட்டின்மேல் மேலிருந்து கீழாக நடந்தது. நடந்த வழியெல்லாம் சாம்பல் நிறம். அடியில் ஒரு பொட்டளவு சிவப்பு மிஞ்சியது. தங்கை அதைச் சொல்லவில்லை.

வெளியே படியருகே அண்ணி காத்திருந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அண்ணனின் நடையைப் பார்த்தாள், போதும் போலிருந்தது. அவனுக்கு இடப்பக்கமாகப் போய்ச் சேர்ந்துகொண்டாள். தெரு நீளமாக இருந்தது. அவள் சாதாரணமாக நடக்கிற மாதிரிதான் நடந்தாள், கையை மட்டும் கொஞ்சம் அதிகமாக வீசி.

"பட்டாளத்துக்காரி மாதிரி வர்றே," என்றான் அண்ணன், நேரே பார்த்துக்கொண்டு.